மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் சூப்பர்ஹீரோ கதை விளையாட்டில், டெலிபோர்ட் (ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கணத்தில் தாவும் பவர்) ஹீரோவோடு விளையாடியவர்கள், உங்கள் மேசையில் என்ன நடந்தது?

மாடிப்படி:
மியூட்டண்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ் மூன்றாம் பதிப்பு, பவர் லெவல் (கேரக்டர்களின் பலத்துக்கான வரம்பு) 10, கேரக்டர் உருவாக்க வழக்கமான 150 பாயிண்ட். நான்தான் ஜிஎம், அதாவது கதையை நடத்துகிறவர். வங்கிக் கொள்ளை, உள்ளே பணயக் கைதிகள், மாடியில் துப்பாக்கியோடு ஒருவன், காற்றுக் குழாய் வழியாகப் போனால் அலாரம் என்று சாயங்காலம் முழுக்க ஓடக்கூடிய காட்சி. டெலிபோர்ட் வைத்திருந்த பிளேயர் கேட்டது ஒரே கேள்வி: "வங்கிக்குக் கண்ணாடிக் கதவா?" ஆமாம் என்றேன். "அப்ப நான் தலைவன் பின்னாடி நிக்கிறேன்."

மற்றவர்கள் கேரக்டர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்கள். பறக்கிறவருக்கும் சுவரை உடைக்கிறவருக்கும் வைத்திருந்த வேலை எல்லாம் போய்விட்டது, அந்த முகங்கள்தான் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கின்றன. பவரின் ஒவ்வொரு ரேங்க்குக்கும் (அளவுப் படி) 2 பாயிண்ட், நகர்வதற்கென்று கிடைக்கும் ஒரு மூவ் ஆக்‌ஷன், அவ்வளவுதான். இவ்வளவு மலிவாக இந்தப் பவரைக் கொடுத்திருக்கக் கூடாது என்பது என் கருத்து.

கறுப்பங்கி:
நான் எதிர்ப்பக்கம், டெலிபோர்ட் எடுத்த பிளேயர். எங்கள் ஜிஎம் போகிற இடமெல்லாம் டெலிபோர்ட்டைத் தடுக்கும் ஒரு சக்திப் புலத்தை வைத்தார். பெரிய வில்லனின் ஆய்வகம் என்றால் சரி, அவன் எங்களை எதிர்பார்ப்பான். ஆனால் துறைமுகத்தில் மீன் வைக்கும் குளிர்க் கிடங்கு, உள்ளே சாதாரணக் கடத்தல்காரர்கள், எங்களைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லாதவர்கள், அங்கேயும் அதே புலம்! நண்பனின் கேரக்டர் உள்ளே அடிவாங்கிக்கொண்டிருக்க, நான் என் முறை வந்தபோதெல்லாம் பூட்டிய கதவைத் தோளால் இடித்துக்கொண்டிருந்தேன்.

பாயிண்ட் கொடுத்து வாங்கிய பவர் அது. ஜிஎம் அதைப் பிடுங்கினால் அது காம்ப்ளிகேஷன் (ஹீரோவுக்கு வரும் இடைஞ்சல்), அதற்கு ஈடாக ஹீரோ பாயிண்ட் (பிறகு அவசரத்துக்குச் செலவழிக்கலாம்) தர வேண்டும், விதியிலேயே இருக்கிறது. கேட்டேன், தரவில்லை. பவரும் இல்லை, பாயிண்ட்டும் இல்லை என்றால் நான் எதற்கு மேசைக்கு வர வேண்டும்?

இருபதுமுகம்:
மாடிப்படி, மலிவு என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். பறப்பதற்கும் ரேங்க்குக்கு அதே 2 பாயிண்ட்தான். டெலிபோர்ட்டில் விதி போட்டிருக்கும் கட்டுகளைப் பாருங்கள்: போகும் இடத்தைத் துல்லியமாக உணர முடிய வேண்டும், இல்லையென்றால் நன்றாகத் தெரிந்த இடமாக இருக்க வேண்டும். கூடக் கொண்டுபோகக்கூடிய எடை 50 பவுண்டு, கிட்டத்தட்ட 23 கிலோ, அதற்குமேல் வேண்டுமென்றால் தனியாகப் பாயிண்ட்.

எங்கள் மேசையில் தீப்பிடித்த அடுக்குமாடி. டெலிபோர்ட் ஹீரோயின் ஜன்னலைப் பார்த்து உள்ளே போய்விட்டாள், யாரும் தடுக்கவில்லை. அறையில் ஒரு கைக்குழந்தை, ஒரு தாத்தா. பிளேயர் தாளைப் பார்த்தார், 50 பவுண்டு. தாத்தா குரலில் "நீ பிள்ளையக் கொண்டு போம்மா" என்றேன். வெகுநேரம் அவர் எதுவும் பேசவில்லை. பிறகு குழந்தையோடு வெளியே குதித்தாள், திரும்பிப் பார்த்தால் ஜன்னல் முழுக்கப் புகை, உள்ளே எதுவும் தெரியவில்லை. அப்போதுதான் சுவரை உடைக்கிறவர் எழுந்தார்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். உள்ளே போவதைக் கஷ்டமாக்காதீர்கள், அதற்குத்தான் அந்தப் பிளேயர் பாயிண்ட் கொடுத்திருக்கிறார். உள்ளே போனபின் ஒருவரால் முடியாத வேலையை வையுங்கள். தூக்க முடியாத எடை, ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் ஆபத்து, எந்த அறையில் ஆள் இருக்கிறார் என்றே தெரியாத நிலைமை. உங்கள் வங்கியில் ஷட்டர் இறக்கியிருந்தால் அவர் முதலில் உள்ளே பார்க்க ஒரு வழி தேடியிருப்பார், அந்த வழியை மற்றவர்கள் உண்டாக்கித் தந்திருப்பார்கள். தனியாகப் போய்த் தலைவன் பின்னால் நிற்கிறாரா, நிற்கட்டும், அவனுடைய ஆட்கள் மொத்தமும் அவர்மேல்தான் பாயும், அவருக்கு உதவி அடுத்த ரவுண்டில்தான் வரும். அப்புறம் கேரக்டர் உருவாக்கும் அன்றைக்கே எத்தனை ரேங்க் வரை என்று பேசிவிடுங்கள். 5 ரேங்க் என்றாலே 900 அடி, ஊருக்குள் நடக்கும் சண்டைக்கு அதற்குமேல் தேவையே இல்லை. கறுப்பங்கி சொன்ன மாதிரிப் புலம் வைப்பது சோம்பேறித்தனம்.

ஆறாம்பகடை:
இருபதுமுகம், எல்லா இடத்திலும் புகையும் ஷட்டரும் வைத்தால் அதுவும் அந்தப் புலம்தான், பெயர்தான் வேறு. நான் சாம்பியன்ஸ் ஆள், 1981-இல் வந்த இன்னொரு சூப்பர்ஹீரோ விளையாட்டு. அதில் பவரைப் பயன்படுத்தும்போதெல்லாம் எண்டியூரன்ஸ் (கேரக்டரின் தெம்பு) கரையும், பார்க்காத இடத்துக்குக் குதித்துத் திடப்பொருளுக்குள் போய்விட்டால் அடி விழும். தடை எதுவும் வேண்டாம், பிளேயரே யோசிப்பார்.

எங்கள் குழுவில் ஒருவர் பூட்டிய நிலவறைக்குள் கண்ணை மூடிக்கொண்டு குதித்தார். அறை நடுவில் கான்கிரீட் தூண். ஜிஎம் வரைபடத்தைத் திருப்பிக் காட்டியதும் மேசையே எழுந்து நின்றது. வில்லனுக்கு முன்னால் மயங்கி விழுந்தார், அவரை மீட்கப் போனதுதான் அன்றைய முழுக் கதையும். அதற்குப்பின் அவர் குதிப்பதற்குமுன் கேள்வி கேட்க ஆரம்பித்தார், "தூண் இருக்கா, மேசை இருக்கா, யார் நிக்கிறா" என்று. எனக்கு அதுதான் சரியான பேலன்ஸ்.

வடக்குமாடம்:
நீங்கள் எல்லாரும் உள்ளே போவதையே பேசுகிறீர்கள். எனக்கு உறுத்துவது வேறு. பவர் லெவல் 10 ஆட்டம், மாதக்கணக்கில் வளர்த்த வில்லன், கடைசிச் சண்டை. டெலிபோர்ட் ஹீரோ அவனைக் கட்டிப்பிடித்து 900 அடி உயரத்துக்குப் போய், விட்டுவிட்டார். விழுந்தால் படும் அடிக்குக் கணக்கு, விழும் தூரத்தின் ரேங்க்கை (900 அடிக்கு 5) இரண்டால் பெருக்கி 4 கூட்டினால் 14. எங்கள் மேசையில் யாருடைய அடியும் 10-ஐத் தாண்டாது! அந்த வரம்பைக் காசில்லாமல் தாண்டிவிட்டார். வில்லன் பேச வேண்டியதை எழுதி வைத்திருந்தேன், வாயைத் திறப்பதற்குள் தரையில் கிடந்தான். நன்றாக விளையாடினார் என்று மற்றவர்கள் கைதட்டினார்கள், எனக்குக் கைதட்ட மனம் வரவில்லை.

கறுப்பங்கி:
வடக்குமாடம், அதற்குப் பவரைக் குறை சொல்லாதீர்கள். வர விருப்பமில்லாதவனை இழுத்துப் போக அட்டாக் என்ற எக்ஸ்ட்ரா (பவரோடு சேர்க்கும் கூடுதல் வசதி) தனியாக எடுத்திருக்க வேண்டும், எடுத்திருந்தாலும் எதிராளிக்குத் தப்பிக்க ஒரு பகடை ரோல் உண்டு. உங்கள் பிளேயர் தாளில் அந்த எக்ஸ்ட்ரா இருந்ததா? அதோடு 50 பவுண்டுக்குமேல் எடை தூக்கவும் பாயிண்ட் கொடுத்திருந்தாரா?