இடக்கைக்கு ஏற்ற, பல் இல்லாத மடக்குக்கத்தி தேவை

சேலத்தில் மா நாற்றங்கால் வைத்திருக்கிறேன். ஒட்டுக்கட்டுவதற்காகச் சென்ற ஆடியில் வாங்கிய மடக்குக்கத்தியின் அமைப்பே இப்போது என் வேலைக்குத் தடையாக இருக்கிறது. அலகு 8 செ.மீ., துருப்பிடிக்காத எஃகு. பிடியை ஒட்டிய பாதி ரம்பப்பல், நுனிப்பக்கம் மட்டுமே நேர்விளிம்பு. பலரும் இதை விரும்பிக் கேட்கிறார்கள் என்றாலும், அழுத்தம் அதிகம் கிடைக்கும் இடத்திலேயே பல் இருப்பதால், ஒட்டுக்குச்சியை ஆப்பு வடிவில் சீவும்போது வெட்டுமுகம் நார்நாராகக் கிழிந்து, வேர்ச்செடியின் பிளவில் சரியாகப் பொருந்துவதில்லை. ஒட்டும் பிடிப்பதில்லை.

நான் இடக்கைப் பழக்கமுள்ளவன். திறந்த அலகைப் பிடிக்குள் இருக்கும் தகட்டால் பூட்டும் லைனர் லாக்கை விடுவிக்க ஆள்காட்டி விரலை அலகு மடங்கும் பாதைக்கு அருகே கொண்டுபோக வேண்டியிருக்கிறது. இது எனக்கு அறவே பிடிக்கவில்லை. பாக்கெட் கிளிப்போ உள்ளங்கையில் அழுந்தித் தோலைச் சிவக்க வைக்கிறது.

கிளிப்பைக் கழற்றிப் பார்த்தேன். திருகுத் துளைகளில் மாம்பால் புகுந்து இறுகிவிடுகிறது. கூம்பு வடிவச் சாணைக்கம்பியால் தீட்டினேன். பல் கூர்மையானதே தவிர, வெட்டு மழமழப்பாகவில்லை. உள்ளூர்க் கடைகளில் இதே அமைப்பைத்தான் காட்டுகிறார்கள். பிரெஞ்சுக் கத்தி நிறுவனமான ஒப்பினெல் 1955-இல் கொண்டுவந்த வளையப் பூட்டு இரு கைக்கும் பொருந்தும். ஆனால் நாற்றங்கால் ஈரத்தில் மரப்பிடி ஊறி, அலகைத் திறப்பது கடினமாகும்.

முழு நேர்விளிம்பும், இடக்கையாலும் பத்திரமாக விடுவிக்கக்கூடிய பூட்டும், மரமல்லாத பிடியும் கொண்ட, கிளிப் இல்லாத மடக்குக்கத்தி எந்த மாடலில் கிடைக்கும்?