கொள்ளுத்தாத்தாவின் பெட்டியில் கிடைத்த ரிவால்வர்: துருவை எப்படி நீக்குவது?

பேரன்: வணக்கம். பூர்விக வீட்டைப் பாகம் பிரித்தபோது, தகர டிரங்குப் பெட்டியின் அடியில், பழைய வேட்டியில் சுற்றிய தோல் உறைக்குள் ஒரு ரிவால்வர் கிடைத்தது. துரு ஏறியிருக்கிறது. குடும்ப நினைவாகப் பாதுகாக்க விரும்புகிறோம். துருவை எதைக் கொண்டு எடுக்கலாம்? ஞாயிறன்று நான் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டும்.

பாலாற்றங்கரை: எந்த ஊர்? உரிமம் இருக்கிறதா? குழலிலோ துப்பாக்கியின் உடற்பகுதியிலோ எழுத்து ஏதேனும் தெரிகிறதா? எல்லாவற்றுக்கும் முன், உருளைக்குள் தோட்டா இருக்கிறதா?

இரும்புக்கடை: குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளியால் தேய்த்து, தேங்காய் எண்ணெய் பூசிவிடுங்கள். எங்கள் வீட்டு அரிவாள் முப்பது ஆண்டுகளாக அப்படித்தான் இருக்கிறது.

ஓய்வுபெற்ற ஹவில்தார்: இதே கேள்விக்குப் பலமுறை எழுதியிருக்கிறேன், தேடிப் படிக்கும் பொறுமை உங்களுக்கெல்லாம் இல்லாததால் மறுபடியும் எழுதுகிறேன். புளியின் அமிலம் துருவோடு சேர்த்து மேற்பூச்சையும் தின்றுவிடும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் சிக்குப் பிடித்து விசையை இறுக்கும். உப்புத்தாளை எடுத்தீர்களானால், அந்தத் துப்பாக்கி யாருடையது, எந்த ஆண்டினது என்று சொல்லும் முத்திரைகள் அழிந்துபோகும். அதன் பிறகு கையில் மிஞ்சுவது வெறும் இரும்பு.

கோட்டைவாசல்: வேலூர்ப் பக்கம் என்றால் 1806 சிப்பாய்ப் புரட்சியில் பயன்பட்டதாகவும் இருக்கலாம். நன்றாக விசாரியுங்கள்.

பாலாற்றங்கரை: அப்படி இருக்க வழியில்லை. 1806 ஜூலை 10 அன்று கோட்டையில் வெடித்தவை குழல்வாய் வழியாக வெடிமருந்து திணிக்கும் நீளத் துப்பாக்கிகள். அமெரிக்கரான சாமுவேல் கோல்ட் தமது ரிவால்வருக்குத் தம் நாட்டில் காப்புரிமை பெற்றதே 1836இல்தான்.

கோட்டைவாசல்: அதற்கு முன்பே சுழலும் துப்பாக்கிகள் ஐரோப்பாவில் இருந்தன. எங்கள் ஊர் வரலாற்றை இவ்வளவு எளிதாகத் தள்ளிவிடாதீர்கள்.

பாலாற்றங்கரை: தள்ளவில்லை ஐயா. சிப்பாய்கள் கையில் அவை இருந்ததில்லை என்றுதான் சொல்கிறேன்.

பேரன்: மன்னிக்கவும், முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஊர் வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை. கொள்ளுத்தாத்தா முதல் உலகப் போரில் இருந்தவர். பக்கவாட்டில் வெப்லி என்றும், ரோமன் எண்ணில் ஆறு என்றும், 1917 என்றும் மங்கலாகத் தெரிகிறது, ஓரிடத்தில் அம்புக்குறி. பிடியின் அடியில் கயிறு கோக்கும் வளையம். உரிமம் பற்றி எங்களுக்கு எதுவும் தெரியாது. திறந்து பார்க்கவில்லை.

ஓய்வுபெற்ற ஹவில்தார்: இவற்றை முதலிலேயே எழுதியிருந்தால் பாதி வாதம் மிச்சமாகியிருக்கும். 1915இல் பிரிட்டிஷ் படை ஏற்ற ஆறாம் மாடல் வெப்லி ரிவால்வர் அது; அம்புக்குறி அரசுச் சொத்தின் அடையாளம். திறக்காததே நல்லது. தோட்டா இருப்பதாகவே கருதி, குழலை யார் பக்கமும் திருப்பாமல், விசையைத் தொடாமல், இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

பாலாற்றங்கரை: பழையது என்ற ஒரே காரணத்தால் உரிமம் தேவையில்லை என்று ஆகிவிடாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்குத்தான் விலக்கு அளிக்கிறது. வெப்லி துரு ஏறியும் சுடக்கூடியது. பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் காவல் நிலையத்துக்குப் போய்விடாதீர்கள். முதலில் தொலைபேசியில் தகவல் சொல்லி, அவர்களை வரச் சொல்லுங்கள். ஒப்படைத்தால் ரசீது வாங்குங்கள். பெட்டியில் பழைய உரிமப் புத்தகம் இருக்கிறதா என்று துழாவுங்கள். இருந்தால், வாரிசு என்ற முறையில் மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்கும்போது பெரிதும் கைகொடுக்கும்.

இரும்புக்கடை: புளி யோசனையை விட்டுவிடுகிறேன். அப்படியானால் எதைத்தான் பூசுவது?

ஓய்வுபெற்ற ஹவில்தார்: உரிமம் கிடைத்து, விவரம் தெரிந்தவர் சோதித்த பிறகு, பருத்திக் கையுறை அணிந்து, மென்மையான துணியில் தையல் இயந்திர எண்ணெய் இரண்டு சொட்டு விட்டுத் துடைத்தால் போதும். வியர்வையின் உப்பு ஒரே மழைக்காலத்தில் விரல் ரேகையைத் துருவாக்கிவிடும். தோல் உறைக்குள் திரும்ப வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், பதனிட்ட அமிலமும் இரும்பை அரிக்கும்.

பேரன்: உதவி ஆய்வாளர் வீட்டுக்கே வந்தார். உருளையில் இரண்டு தோட்டாக்கள் இருந்தன. ஒப்படைத்து ரசீது பெற்றோம். உரிமப் புத்தகம் இன்னும் கிடைக்கவில்லை. அம்மா பரணில் தேடிக்கொண்டிருக்கிறார். தோல் உறை மட்டும் நிழலில் உலர்கிறது.