ஜெர்மனிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: 9.20 டெர்மின் என்றால் 9.20தான்

வீடு தேடுவது, வங்கிக் கணக்கு, இன்சூரன்ஸ் பற்றியெல்லாம் உங்களுக்குச் சொல்ல நிறையப் பேர் இருப்பார்கள். நான் நேரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எனக்கு இங்கே ஒன்பது வருடம் ஆகிறது. வந்த புதிதில் அடிபட்டது இதில்தான்.

குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும் என்பது இங்கே சட்டம். ஆன்மெல்டுங் என்பார்கள். அதற்கு ஆன்லைனில் டெர்மின், அதாவது முன்பதிவு நேரம், எடுத்தேன், காலை 9.20க்கு. போய்ச் சேர்ந்தபோது மணி 9.32. என் எண் திரையில் வந்து போயிருந்தது. வரவேற்பில் இருந்த அம்மா கோபப்படவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. புதிதாக ஒரு டெர்மின் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார், அவ்வளவுதான். அடுத்தது கிடைக்க ஐந்து வாரம் ஆனது. பதிவு முடிந்தால்தான் வரி எண் தபாலில் வரும். அது இல்லாததால் முதல் சம்பளத்தில் ஆறாம் வகுப்பு வரி பிடித்தார்கள்; இருப்பதிலேயே அதிகம் பிடிப்பது அதில்தான். பிற்பாடு அந்தப் பணம் திரும்பி வந்தது, சரி. ஆனால் வீட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டிய மாதத்தில் கையில் இல்லை. பன்னிரண்டு நிமிடத்துக்கு இவ்வளவு.

நமக்கு நேரம் பார்க்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது வரை ராகு காலம் என்று தினசரிக் காலண்டரைப் பார்க்காமலே சொல்பவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். முகூர்த்தம் தப்பக் கூடாது என்று கல்யாண மண்டபமே பரபரக்கும். அந்தக் கறார், நமக்காக இன்னொருவர் ஒதுக்கிவைத்த நேரத்தில் மட்டும் தளர்ந்துவிடுகிறது. செருப்பு மாட்டும்போதே "இதோ வந்துட்டே இருக்கேன்" என்கிறோம். ஊரில் அதைக் கேட்பவருக்கு அதன் கணக்கு தெரியும். இங்கே அதை அப்படியே நம்பி வாசலில் வந்து நிற்பார்கள். இரண்டு முறை அப்படி நிற்க வைத்துவிட்டால், நீங்கள் சொல்லும் மற்ற விஷயங்களையும் நம்பத் தயங்குவார்கள். எனக்கு அந்த ஐந்து வாரத்தைவிட இதுதான் பெரிய இழப்பாகத் தோன்றுகிறது.

மொழியிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. "ஹால்ப் ஆஹ்ட்" என்றால் சொல்லுக்குச் சொல் அரை, எட்டு. நம் காது அதை எட்டரை என்று எடுத்துக்கொள்ளும். ஆனால் அது ஏழரை. கிழக்கிலும் தெற்கில் சில பகுதிகளிலும் "ஃபீர்ட்டல் ஆஹ்ட்" என்றால் ஏழே கால். யாராவது வாயால் நேரம் சொன்னால், "19.30தானே?" என்று எண்ணில் திருப்பிக் கேட்டுவிடுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

மாணவர்கள் கவனிக்க: பாட அட்டவணையில் 10 சி.டி. என்று இருந்தால் வகுப்பு 10.15க்கு. எஸ்.டி. என்றால் சரியாகப் பத்துக்கு.

ரயில் லேட் என்ற காரணம் அலுவலகத்தில் ஓரிரு முறைதான் எடுபடும். 2024இல் தொலைதூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு ஓடின. அதுவும் ஆறு நிமிடத்துக்குக் குறைவான தாமதத்தைக் கணக்கில் சேர்க்காமல். இது இங்கே எல்லோருக்கும் தெரியும், அதனால்தான் முக்கியமான நாளில் ஒரு வண்டி முன்னதாக ஏறுகிறார்கள். நீங்களும் அதையே செய்யுங்கள்.

போய்ச்சேரும் நேரத்தை மட்டும் குறித்துவைக்காதீர்கள், கிளம்பும் நேரத்தை எழுதுங்கள். எனக்குப் பழக்கம் மாறியது இதனால்தான். 9.20 டெர்மின் என்றால் 9.10க்குக் கட்டடத்துக்குள் இருக்க வேண்டும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணி, வீட்டுக் கதவைப் பூட்டும் நிமிடத்தைக் கண்டுபிடியுங்கள். குளிர்காலத்தில் கோட்டு, பூட்ஸ், கையுறை என்று கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகும், குழந்தை இருந்தால் இருபது. அப்படியும் தாமதமாகிறதா, குறித்த நேரத்துக்கு முன்பே போன் செய்து உண்மையான நிமிடத்தைச் சொல்லுங்கள். பதினைந்து ஆகுமென்றால் பதினைந்து என்றே சொல்லுங்கள், ஐந்து என்று சொல்லாதீர்கள். டாக்டரிடம் போக முடியாவிட்டால் முந்தைய நாளே ரத்து செய்யுங்கள். வராதவர்களிடம் கட்டணம் கேட்கும் கிளினிக்குகளும் உண்டு.

யாராவது வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டால் மட்டும் சீக்கிரம் போகாதீர்கள். ஏழு மணி என்றால் ஏழு, அல்லது ஏழு ஐந்து. முன்னால் போய்விட்டால் தெருவில் ஒரு சுற்று நடந்துவிட்டு மணியடியுங்கள்.

அப்புறம், ஆன்மெல்டுங்குக்குப் பாஸ்போர்ட்டோடு, நீங்கள் குடிவந்ததை உறுதிசெய்து வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாளும் வேண்டும். இரண்டையும் முதல் நாள் இரவே பையில் வைத்துவிடுங்கள். அன்று காலை நான் வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருந்தது அந்தத் தாளைத்தான்.