ஆம்ஸ்டர்டாம் கால்வாய்: சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய படகு?

அக்டோபர் கடைசியில் அம்மாவோடு ஆம்ஸ்டர்டாம் போகிறோம். அம்மா சக்கர நாற்காலியில் இருப்பவர், படி இறங்க முடியாது.

சாய்தளம் உள்ள பெரிய படகு ஒன்று கிடைத்தது. ஆனால் அது ஊரைப் பொதுவாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறக்கிவிடும். அம்மா வரலாற்று ஆசிரியையாக இருந்தவர், அதெல்லாம் அவருக்குப் போதாது. 1658இல் நாகப்பட்டினத்தைப் பிடித்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தடங்களைப் பார்க்கத்தான் வருகிறார்: ஹேரன்கிராக்ட் கால்வாயோர வணிகர் மாளிகைகள், உச்சியில் சரக்குத் தூக்கும் கொக்கி வைத்த கிடங்குகள், கடல்சார் அருங்காட்சியகத்தை ஒட்டி நிற்கும் பழைய கப்பலின் நகல்.

சிறு படகுக்காரர்களுக்கு எழுதிப் பார்த்தேன். "தூக்கி உட்கார வைத்துவிடலாம்" என்றார் ஒருவர். முதுகு அறுவை சிகிச்சை ஆனவரை எப்படித் தூக்குவது? நாமே ஓட்டும் மின்படகு வாடகைக்கு உண்டு, அதிலும் இறங்கித்தான் ஏற வேண்டும்.

வணிக வரலாற்று வழியில், நாற்காலியோடு அப்படியே ஏறிப் போகும் படகில் யாராவது போயிருக்கிறீர்களா?