புதுப்பிப்பு: ஸ்டான்லி ஸ்டீம் கார்ல தீ பர்னருக்குக் கீழ இறங்குற பிரச்சனை தீர்ந்துச்சு

யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றிங்க. நான் கேட்டது, என் ஸ்டான்லி (பாய்லர்ல தண்ணிய கொதிக்கவச்சு நீராவியில ஓடுற பழைய அமெரிக்க கார்) நல்லா சூடாகி ஓடிட்டிருக்கும்போதே 'டப்'னு சத்தம் போட்டு தீ பர்னர் தட்டுக்குக் கீழ, எரிபொருள் ஆவியும் காத்தும் கலக்குற மிக்சிங் குழாய்க்குள்ள போயிடுதுன்னு. வேப்பரைசர்ல, அதாவது மண்ணெண்ணெயைச் சூடாக்கி ஆவியாக்குற குழாய்ல, கரி அடைச்சிருக்கும்னு ஒருத்தர் சொன்னார்ல, அதான் விஷயம். குழாய்க்குள்ள கிடக்குற முறுக்குக் கம்பிய உருவுனா கரியா கொட்டுது, அந்த ஆவி பீச்சி வர்ற சின்ன ஓட்டையான ஜெட்டையும் நம்ம பம்ப் ஸ்டவ்வுக்கு பின் குத்துற மாதிரி குத்திவிட்டேன், எரிபொருள் ஆவி நல்லா அழுத்தத்தோட வந்ததும் தீ மேலயே நிக்குது.

எதிர்பார்க்காதது என்னன்னா பைலட் (மெயின் பர்னரைப் பத்த வைக்க எரிஞ்சுட்டே இருக்குற சின்னத் தீ) அப்பவும் அணைஞ்சு அணைஞ்சு போச்சு. பங்க் பெட்ரோலை விட்டுட்டு கேம்பிங் ஸ்டவ்வுக்கு ஊத்துற வெள்ளை பெட்ரோல் போட்டதும் சரியாயிடுச்சு. மெயின் பர்னருக்கு மண்ணெண்ணெயேதான்.

தீ இப்படிக் கீழ இறங்குனா எக்ஸ்டிங்குயிஷர் அடிக்கச் சொன்னவங்களுக்கு ஒண்ணு: முதல்ல மெயின் ஃப்யூயல் வால்வை மூடணும். மூடாம அடிச்சா தீ அணையும், ஆனா சூட்டுல எரிபொருள் ஆவி வந்துட்டே இருக்கும், அது திரும்பப் பத்துனா முன்னாடிய விட மோசம். மூடிட்டா பெரும்பாலும் மிச்சம் இருக்குறது எரிஞ்சு தானா அடங்கிடும், வேடிக்கை பாக்குறவங்கதான் பதறுவாங்க. அப்புறம் ஷெட்ல பூட்டுறப்ப பைலட்டையும் அணைச்சுடுங்க, காலைல சீக்கிரம் கிளம்பலாம்னு ராத்திரி பூரா எரிய விடுறது எனக்கு சரியா படல.