பரண்ல இருந்து இறங்கின ஃபிலிம் கேமராக்கள்: உங்க அனுபவத்தையும் எழுதுங்க

பழைய ஃபிலிம் கேமராவ சரி பண்ணி ரோல் போட்டு படம் எடுக்கிறவங்க இங்க சத்தமில்லாம நிறைய பேர் இருக்கீங்கன்னு தெரியும். கேமரா எப்படி கைக்கு வந்துச்சு, என்ன கோளாறு, எப்படி சரியாச்சு, இல்ல கடைசி வரைக்கும் சரியாகவே இல்லையா, எதுவா இருந்தாலும் எழுதுங்க. நான் ஆரம்பிச்சு வைக்கிறேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். பல்சக்கரம் தேஞ்சு, ஸ்பிரிங் ஒடிஞ்சு செத்துப்போன கேமராவ நான் அபூர்வமாத்தான் பார்த்திருக்கேன். பித்தளையும் எஃகும் ஐம்பது அறுபது வருஷம் ஆனாலும் அப்படியே கிடக்குது. கேமராவ சாகடிக்கிறது எல்லாம் அதுக்கு நடுவுல வெச்ச மெத்துமெத்துன்னு இருக்கிற சமாச்சாரம் தான், அதாவது ஃபோம், கிரீஸ், ரப்பர், பசை.

எனக்கு வந்தது ஆக்ஃபா ஐசோலெட். 120 ரோல் போடுற மடக்கு கேமரா, 6க்கு 6 செ.மீ. நெகட்டிவ் வரும். பட்டன அமுக்கினா முகப்பு டப்புன்னு திறந்து பெல்லோஸ், அதாவது துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பா இருக்கிற கூடு, வெளிய வந்துடும். ஷட்டர் ஓடுது, கண்ணாடி பளிச்சுன்னு இருக்கு, ஃபோகஸ் வளையம் மட்டும் இம்மி கூட அசையல. இந்தக் கேமரா வெச்சிருக்கிறவங்களுக்கு இது புதுசில்ல, அந்தக் காலத்துல ஆக்ஃபா ஃபேக்டரியில தடவின பச்சை கிரீஸ் காலப்போக்குல கெட்டிப்பட்டு பசையா மாறி லென்ஸ் மரைய அப்படியே பூட்டிடும். வளையத்தோட ஓரத்துல கொறடு போட்டுத் திருகின தழும்பு வேற இருந்துச்சு, எனக்கு முன்னாடி வெச்சிருந்த யாரோ பலத்தக் காட்டிப் பார்த்திருக்காங்க.

வளையத்தச் சுத்தி மூணு குட்டி ஸ்க்ரூ இருக்கும், அதத் தளர்த்தி வளையத்தக் கழட்டினா உள்ள முன் லென்ஸ். அதத் திருகினா அது மட்டும் வராது, நடு லென்ஸையும் சேர்த்து இழுத்துகிட்டு ஒரே துண்டா ஷட்டர்ல இருந்து வெளிய வரும், ஏன்னா ரெண்டுக்கும் நடுவுல தான் அந்தப் பசை. அப்படி வர்றது நல்லது தான், ஷட்டர்ல சூடு படாம தனியா வேல பார்க்கலாம். மரையோரமா லைட்டர் ஃப்ளூயிட் சொட்டு விட்டு ஊற விட்டு, ஹேர் ட்ரையர்ல சூடு காட்டி, ரெண்டு பக்கமும் ரப்பர் துண்டு வெச்சுப் பிடிச்சுத் திருகினேன், வரல, திரும்ப ஊற விட்டேன், திரும்ப சூடு, இப்படியே பல நாள் போச்சு. ஒரு நாள் ராத்திரி கிறீச்சுன்னு ஒரு சத்தம், ஒரு மயிரிழை நகர்ந்துச்சு. நகர்ந்தா போதும், அப்புறம் முன்னயும் பின்னயும் ஆட்டி ஆட்டி எடுத்துடலாம். எடுக்கிறப்ப மரை எந்த இடத்துல விடுதுன்னு கட்டாயம் குறிச்சுக்கணும்.

சுத்தம் பண்ணி புது கிரீஸ் தடவி மாட்டினதோட வேல முடியாது, தூரத்து ஃபோகஸ் செட் பண்ணணும். ஃபிலிம் ஓடுற தண்டவாளத்து மேல மங்கலான செல்லோ டேப்ப இழுத்து ஒட்டி, ஷட்டர பி-ல (அமுக்கி வெச்சிருக்கிற வரைக்கும் திறந்தே இருக்கும்) வெச்சு லாக் பண்ற கேபிளால திறந்து நிறுத்தி, அப்பர்ச்சர, அதாவது வெளிச்சம் நுழையற துவாரத்த, முழுசா திறந்து, தூரத்துல இருக்கிற டவர் பக்கம் காட்டினா டேப்ல டவர் தலகீழா தெரியும். பூதக்கண்ணாடி வெச்சுப் பார்த்துகிட்டே முன் லென்ஸத் திருகி கம்பிகள் கூர்மையா தெரியற இடத்துல நிறுத்தி, வளையத்த முடிவிலிக் குறியில வெச்சு அந்த மூணு ஸ்க்ரூவையும் முடுக்கணும். இந்த வேலைய விட்டுட்டு ‘பழைய லென்ஸ் சாஃப்டா தான் சார் வரும்’னு சொல்றவங்களப் பார்த்தா எனக்குக் கோவம் வரும்.

பெல்லோஸ்? இருட்டு அறையில உள்ள டார்ச் விட்டுப் பார்த்தா மடிப்பு முனையெல்லாம் புள்ளி புள்ளியா வெளிச்சம். அது தனிக் கதை, அப்புறம் எழுதறேன்.

* * *

அண்ணா நீங்க சொன்ன லிஸ்ட்ல ரப்பருக்கு நான் சாட்சி. எங்க மாமா குடுத்த யாஷிகா எலக்ட்ரோ 35, 1966ல வந்த மாடலோட வாரிசு. பேட்டரி போட்டா லைட் எரியுது, ஷட்டரும் அடிக்குது, ஆனா ரோல் கழுவிப் பார்த்தா ஒரு படம் வெள்ளையடிச்சு ஒரு படம் இருட்டா வருது, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்ல. தேடிப் பார்த்தா உலகம் முழுக்க இந்தக் கேமராக்காரங்க ஒரே விஷயத்தத்தான் பொலம்புறாங்க, உள்ள ஒரு சின்ன ரப்பர் பேட் இருக்கு, அது பொடிஞ்சு போனா வெளிச்சக் கணக்கே தப்பாயிடும்னு. டெஸ்ட் ரொம்ப ஈசி, ஃபிலிம நகர்த்துற லீவர இழுக்கிறப்ப ‘டொக்’னு ஒரு சத்தம் வரணும், வரலன்னா ரப்பர் போச்சு. என்னோடதுல சத்தமே இல்ல. திறந்து பார்த்தா அந்த இடத்துல கருப்பா கொஞ்சம் தூள் மட்டும் கிடந்துச்சு. அதே தடிமன்ல ரப்பர் ஷீட்ட வெட்டி ஒட்டினப்புறம் டொக் வந்துச்சு பாருங்க, வீட்ல எல்லாரையும் கூப்பிட்டு லீவர இழுத்து இழுத்துக் காட்டினேன், யாருக்கும் ஒண்ணும் புரியல.

பேட்டரி பத்தி கேக்குறவங்களுக்கு, இதுக்கு ஒரிஜினலா 5.6 வோல்ட் மெர்குரி பேட்டரி, அது இப்ப வர்றதில்ல. 6 வோல்ட் 4எல்ஆர்44 போட்டு, நீளம் பத்தாத இடத்துக்கு ஸ்பிரிங்கோ அலுமினியம் ஃபாயில் உருண்டையோ வெச்சா ஓடுது, நெகட்டிவ் ரோலுக்கு அந்த வித்தியாசமெல்லாம் ஒரு பொருட்டே இல்ல.

* * *

புதுசா ஆரம்பிக்கிறவங்க திறந்து கழட்டுற வேலைக்கெல்லாம் போகாதீங்க, லைட் சீல்ல இருந்து ஆரம்பிங்க. என்னோடது பென்டாக்ஸ் கே1000, 1976ல ஆரம்பிச்சு 1997 வரைக்கும் செஞ்ச கேமரா, பேட்டரி வெளிச்சம் அளக்கிற மீட்டருக்கு மட்டும் தான், பேட்டரியே இல்லன்னாலும் எல்லா ஸ்பீடும் அடிக்கும். பின்கதவு மூடுற பள்ளத்துல ஃபோம் வெச்சிருப்பாங்க, அது வெயில்ல உருகின தார் கணக்கா விரல்ல ஒட்டுச்சுன்னா ரோல் போடறதுக்கு முன்னாடி அத மாத்திடுங்க.

படத்துல செக்கச்செவேல்னு ஆரஞ்சுக் கோடு விழுந்திருந்தா சந்தேகமே வேண்டாம், கதவு வழியா தான் கசியுது. கலர் நெகட்டிவ்ல சிவப்புக்கு வேல செய்ற அடுக்கு தான் அடியில இருக்கு, பின்பக்கமா நுழையற வெளிச்சம் முதல்ல அதத்தான் தொடும், அதனால தான் அந்தக் கலர். சில பேர் இத ‘விண்டேஜ் லுக்’னு ரசிக்கிறாங்க, ரசிச்சுட்டுப் போகட்டும்.

பல் குத்துற குச்சி, ஐசோப்ரொபைல் ஆல்கஹால், பழைய பனியன் துணி போதும். பழச சுரண்டறப்ப ஷட்டர் திரை மேல ஒரு பேப்பரப் போட்டு மூடிக்குங்க. லென்ஸுக்குப் பின்னாடி இருக்கிற முகம் பார்க்கிற மாதிரி கண்ணாடி, படம் எடுக்கிறப்ப எழும்பி மோதற இடத்துல ஒரு ஃபோம் பட்டை இருக்கும், அதத் தொடறப்ப தான் ஜாக்கிரதை வேணும், ஏன்னா பக்கத்துலயே ஃபோகஸிங் ஸ்க்ரீன் இருக்கு, ஆல்கஹால் பட்டா அந்த பிளாஸ்டிக் காலி. அந்தக் கண்ணாடியும் வீட்டுக் கண்ணாடி இல்ல, ரசப் பூச்சு மேல்பக்கத்துலயே இருக்கும், துணி போட்டுத் தேய்ச்சா பூச்சு துணியோட வந்துடும்.

* * *

ஃபோம்னு சொன்னீங்களே, அது ஒலிம்பஸ் ஓஎம்-1ல செய்ற அநியாயத்தக் கேளுங்க. மேல் மூடிக்குள்ள பிரிஸம், அதாவது காட்சிய நம்ம கண்ணுக்குத் திருப்பி விடற கண்ணாடிக் கட்டி, ஆடாம இருக்க ஃபோம் வெச்சிருக்காங்க, அது மக்கி பிரிஸத்தோட ரசத்தையே அரிச்சுடும். கண்ண வெச்சுப் பார்த்தா குறுக்கால அழுக்குக் கறை, படத்துல விழாது ஆனா பார்க்கிறப்பல்லாம் வயிறு எரியும். நல்ல பிரிஸம் வேணும்னா அதே வகையில செத்த கேமரா ஒண்ணு தேடணும்.

இதோட மீட்டருக்கு 1.35 வோல்ட் மெர்குரி பேட்டரி. 1.5 வோல்ட் போட்டா மீட்டர் பொய் சொல்லும். காது கேக்கிற மெஷினுக்குப் போடுற 675 ஜிங்க் ஏர் பேட்டரி 1.4 வோல்ட், ஒரு ரப்பர் வளையத்த சுத்தி விட்டா உக்காந்துக்கும். ஆனா ஸ்டிக்கர உரிச்சுட்டா காத்து பட்டு, நீங்க யூஸ் பண்ணினாலும் பண்ணலன்னாலும் அது பாட்டுக்கு தீந்து போயிடும். நான் இப்பல்லாம் மீட்டர பார்க்கிறதே இல்ல, பளிச்சுன்னு வெயில்னா அப்பர்ச்சர் எஃப்16, ஷட்டர் ரோலோட ஐஎஸ்ஓ நம்பர், 100 ரோல்னா 1/125, அங்கேருந்து நிழலுக்கு ஏத்தாப்ல திறந்துக்க வேண்டியது தான்.

* * *

ஸோர்க்கி, ஃபெட் மாதிரி பழைய சோவியத் கேமரா வெச்சிருக்கிறவங்களுக்கு ரெண்டே வரி. லீவரோ குமிழோ, சுத்தி முடிச்சப்புறம் தான் ஸ்பீட மாத்தணும், முன்னாடியே மாத்தினா உள்ள மெக்கானிசம் சிக்கிக்கும். அப்புறம் லென்ஸ் மூடி இல்லாம வெயில் பக்கம் பார்த்து வைக்காதீங்க, கண்ணாடி தடுப்பு கிடையாது, துணி ஷட்டர்ல சூரியன் நேரா ஓட்ட போட்டுடும். எனக்கு வந்ததுல ஏற்கனவே யாரோ போட்ட ஓட்ட இருந்துச்சு, எல்லா படத்துலயும் ஒரே இடத்துல ஒரு நிலா.

* * *

என் பங்குக்கு ஒரு மஞ்சள் கதை. சூப்பர் டகுமார் 50 எம்எம் எஃப்1.4 லென்ஸ் வாங்கினேன், வெள்ளைப் பேப்பர் மேல வெச்சுப் பார்த்தா டீ கலர்ல இருக்கு. வித்தவர் ‘பழைய லென்ஸ்னா அப்படித்தான்’னு சொல்லிட்டார். உண்மையான காரணம், அந்தக் கண்ணாடியில தோரியம் கலந்திருக்கு, லேசா கதிரியக்கம் உண்டு, அது வருஷக்கணக்கா உள்ளயே வேல செஞ்சு கண்ணாடிய மஞ்சளாக்கிடுது. பயப்பட வேண்டியதில்ல, மாட்டி படம் எடுக்கலாம், கண்ணாடிய ஒடைக்கவோ தேய்க்கவோ மட்டும் கூடாது. புற ஊதா எல்இடி விளக்குக்குக் கீழ வெச்சுட்டு மறந்துட்டேன், வாரக்கணக்குல மெதுவா தெளிஞ்சுச்சு. வெயில்லயும் வைக்கலாம், ஆனா லென்ஸ் வெயில குவிச்சு பின்னாடி இருக்கிறதக் கொளுத்திடும், அடியில அலுமினியம் ஃபாயில் போட்டு மூடாம வைக்காதீங்க. இதையும் பூஞ்சையையும் குழப்பிக்காதீங்க, பூஞ்சைன்னா வேர் வேரா கிளை விட்டிருக்கும், டார்ச் அடிச்சா தெரியும்.

* * *

எல்லாரும் கேமராவப் பத்தி எழுதறீங்க, நான் அதுக்குள்ள இருந்ததப் பத்தி எழுதறேன்.

தாத்தாவோட கேமராவ எடுத்து ரீவைண்ட் குமிழ லேசா சுத்திப் பார்த்தேன், கொஞ்சம் சுத்தினதுமே இறுகுச்சு. இறுகினா உள்ள ரோல் இருக்குன்னு அர்த்தம், கதவத் திறக்காம அடிப்பட்டனை அமுக்கி சுத்தி எடுத்துட்டேன். கருப்பு வெள்ளை ரோல். கொடாக்கோட கொடாக்குரோம் கலர் ரோலா இருந்திருந்தா கலர்ல வாய்ப்பே இல்ல, அதுக்கான கே-14 கழுவுற முறைய கடைசியா வெச்சிருந்த கான்சாஸ் லேப் 2010 டிசம்பர் 30ஓட ரோல் வாங்கறத நிறுத்திட்டாங்க.

கழுவினதுல பெரும்பாலும் வெறும் மூட்டம். சிலதுல மட்டும் உருவம், அதுல ஒண்ணுல ஒரு சைக்கிளும் அத பிடிச்சுகிட்டு ஒரு ஆளும். அது யாருன்னு இப்ப வீட்ல பெரிய சண்ட. பெரியப்பா ‘அது நான் தான்’னு சொல்றார், அத்தை ‘உனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதே, உருட்டிகிட்டுல்ல போவ’ங்கறாங்க, அவர் ‘படத்துலயும் பிடிச்சுகிட்டுத்தானே நிக்கறேன்’ங்கறார். முடிவே வரல.

ரோல் பழசுன்னு தூக்கிப் போட்டுடாதீங்க, 1897ல பலூன்ல வட துருவத்துக்குக் கிளம்பி காணாமப் போன ஆந்த்ரே குழுவோட ஃபிலிம் 1930ல பனியில கிடைச்சு, கழுவினா படம் வந்திருக்கு, கீழ விழுந்த பலூன் பக்கத்துல ஆட்கள் நிக்கிறது வரைக்கும். 33 வருஷம். அங்க குளிர் காப்பாத்திச்சு, நம்ம பரண் சூட்டுக்கு அவ்வளவு எதிர்பார்க்க முடியாது தான்.

* * *

திரும்ப நான் தான், ஆரம்பிச்சு வெச்ச ஐசோலெட்காரன். மெசேஜ்ல நிறைய பேர் ஒரே கேள்வி, ‘ஷட்டர் இறுகிக் கிடக்கு, ஸ்ப்ரே எண்ணெய் அடிக்கலாமா?’ தயவு செஞ்சு அடிக்காதீங்க. லென்ஸுக்குள்ள இருக்கிற இலை ஷட்டரோட (இலை மாதிரி மெல்லிசு தகடுகள் திறந்து மூடற வகை) தகடெல்லாம் காய்ஞ்ச நிலையில ஓடறதுக்குன்னே செஞ்சது, துளி எண்ணெய் படர்ந்தா தகடு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், முதல் நாள் ஓடும், அடுத்த வாரம் முன்ன விட மோசமா நிக்கும். நிறைய கேமரா ஒட்டிக்கிட்டு நிக்கிறதே வேற எங்கயோ இருந்து தகட்டுக்கு ஊர்ந்து வந்த எண்ணெயால தான். லைட்டர் ஃப்ளூயிட்ல பஞ்ச நனைச்சு தொட்டுத் துடைச்சு, அடிச்சு அடிச்சுப் பாருங்க, அதுவே பாதி கேமராவ எழுப்பிடும். ஜன்னலத் திறந்து வெச்சுக்குங்க, பக்கத்துல நெருப்பு கூடாது.

எல்லா இடத்துலயும் எண்ணெய் தப்புன்னும் சொல்லல. கேனான் ஏஇ-1ல பட்டன அமுக்கினா இருமல் சத்தம் வரும் பாருங்க, அது உள்ள கண்ணாடிய ஓட்டற சின்ன சக்கரம் காய்ஞ்சு போனதால, அங்க ஊசி முனையில ஒரு துளி போதும்.

ஸ்பீட் சரியான்னு பார்க்க மெஷினெல்லாம் வேண்டாம், ஃபோன்ல ஸ்லோ மோஷன் 240 ஃப்ரேம்ல எடுத்து, ஷட்டர் திறந்திருக்கிற ஃப்ரேம எண்ணுங்க, 1/30க்கு எட்டு வரணும். வேகமான ஸ்பீடுக்கு இது உதவாது. அப்புறம் ஃபிளாஷ் உள்ளயே இருக்கிற கேமராவ மட்டும் திறக்காதீங்க, பேட்டரிய எடுத்தப்புறமும் கெப்பாசிட்டர்ல 300 வோல்ட் அளவுக்கு உக்காந்திருக்கும்.

ஒலிம்பஸ் ட்ரிப் 35 கிடைச்சிருக்கு, உசுரோட இருக்கான்னு எப்படித் தெரியும்னு கேட்ட தம்பிக்கு: பேட்டரியே வேண்டாம், லென்ஸச் சுத்தி இருக்கிற செலினியம் தான் மீட்டர். ‘ஏ’ல வெச்சு, லென்ஸக் கையால நல்லா மூடி பட்டன அமுக்கு. வியூஃபைண்டர்ல சிவப்புக் கொடி எழும்பி ஷட்டர் அடிக்க மறுத்தா ஒரு பாதி நல்ல சேதி. கைய எடுத்து வெளிச்சத்தப் பார்த்து அமுக்கறப்ப கொடி வராம அடிச்சா மீட்டர் உசுரோட இருக்கு. அடுத்து அப்பர்ச்சர் தகடு எஃப்22ல சுருங்குதான்னு பாரு, அதுலயும் எண்ணெய் தான் வில்லன். அதுவும் ஓகேன்னா லைட் சீல மாத்திட்டு ரோலப் போடு, படம் வந்ததும் இங்க போடு.