சிவப்பு டார்ச்சில் அப்படி என்ன இருக்கிறது?

ஜெயநகர்வாசி:
பெங்களூரிலிருந்து கோலார் பக்கம் நட்சத்திரம் பார்க்க ஒரு குழுவோடு போகிறேன். சிவப்பு டார்ச் மட்டும்தான், மொபைலை எடுக்கவே கூடாது என்று கண்டிஷன் போடுகிறார்கள். கரண்ட் போனால் முதலில் ஒன்றும் தெரியாது, அப்புறம் நாற்காலி, அலமாரி எல்லாம் மெல்ல மெல்லத் தெரியும். அது கண்பாப்பா விரிவதால்தானே? கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும் என்கிறார்களே, அது எதற்கு?

இரவுப்பறவை:
கண்பாப்பா விரிவதெல்லாம் சில நொடி வேலை. அதனால் உள்ளே வரும் வெளிச்சம் அதிகம் போனால் 16 மடங்கு கூடும், அவ்வளவுதான். உண்மையான வேலை விழித்திரையில் மங்கிய வெளிச்சத்தைப் பிடிக்கும் குச்சி செல்களில், ரோடாப்சின் என்ற புரதத்தில் நடக்கிறது. அதற்குள் வைட்டமின் ஏ-யிலிருந்து வந்த ரெட்டினால் மூலக்கூறு வளைந்து உட்கார்ந்திருக்கும். ஒரு ஃபோட்டான் பட்டதும் அது நிமிரும், புரதத்தின் வடிவம் மாறும், அங்கிருந்துதான் மூளைக்குச் செய்தி கிளம்புகிறது (இதைக் கண்டறிந்த ஜார்ஜ் வால்ட் 1967-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்). நிமிர்ந்த ரெட்டினால் கழன்று, பக்கத்து நிறமி அடுக்குக்குப் போய், மறுபடி வளைந்து திரும்பி வரவேண்டும். அது மெதுவாகத்தான் நடக்கும், அதனால்தான் அரை மணி. மொபைலை ஒரு தரம் பார்த்தால் அதுவரை இருட்டுக்குப் பழகியதில் நிறையப் போய்விடும்.

ரோடாப்சின் 500 நானோமீட்டர் பக்கம், அதாவது நீலப்பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும், அடர் சிவப்பைக் கிட்டத்தட்ட கண்டுகொள்ளாது. அந்தச் சிவப்பில் வரைபடம் பார்க்க, நிறம் காட்டும் கூம்பு செல்கள் போதும். ஆனால் டார்ச் மங்கலாக இருக்கட்டும், பளிச்சென்ற சிவப்பும் கெடுக்கும்.

மல்லேஸ்வரம்_மணி:
ஒன்று சேர்க்கிறேன். மங்கலானதை நேராக முறைத்துப் பார்க்காதீர்கள் ஸார், விழித்திரையின் நட்டநடுவில் குச்சி செல்லே கிடையாது. கொஞ்சம் ஓரமாகப் பார்த்தால் ஆண்ட்ரோமெடா கேலக்ஸி கூடச் சிக்கும்.

ஜெயநகர்வாசி:
அப்போ போவதற்கு முன்னால் ஒரு வாரம் கேரட்டாகச் சாப்பிடவா?

இரவுப்பறவை:
வேண்டாம். வைட்டமின் ஏ குறைந்தவருக்கு மாலைக்கண் வரும், அவருக்குக் கொடுத்தால் சரியாகும். போதுமான அளவு இருப்பவர் எவ்வளவு தின்றாலும் கூடுதலாக ஒன்றும் தெரியாது. மாத்திரையாக அதிகம் போட்டால் கல்லீரலுக்குத்தான் கேடு. மற்றவர்கள் சுலபமாக நடக்கும் இருட்டில் நீங்கள் மட்டும் தடுமாறினால் கண் டாக்டரைப் பாருங்கள், அது வேறு விஷயம்.

எதிரே கார் ஹெட்லைட் வந்தால் ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கொள்ளுங்கள். இரண்டு கண்ணும் தனித்தனியாகத்தான் இருட்டுக்குப் பழகும், மூடிய கண் தப்பிக்கும்.